பால்பல் விழுந்தால்: ஸ்பெயினா, ஜப்பானா?

ஸ்பெயினில் பால்பல் விழுந்தால் குழந்தைகள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவார்கள். இரவில் பெரெஸ் என்ற சுண்டெலி வந்து பல்லை எடுத்துக்கொண்டு, காசோ பரிசோ வைத்துவிட்டுப் போகுமாம். இந்த எலிக்கு அரண்மனைத் தொடர்பு உண்டு! எட்டு வயது அரசர் 13ஆம் அல்ஃபோன்ஸோவுக்குப் பல் விழுந்தபோது, லூயிஸ் கொலோமா என்ற பாதிரியார் 1894 வாக்கில் அவருக்காக எழுதிய கதைதான் பெரெஸைப் புகழ்பெற வைத்தது. மாட்ரிட் நகரின் அரேனால் தெருவில், 8ஆம் எண் கட்டடத்தில் பெரெஸுக்கு அருங்காட்சியகமே இருக்கிறது.

ஜப்பானில் எறிவதுதான் வழக்கம். கீழ்வரிசைப் பல் கூரைமேல் போகும். மேல்வரிசைப் பல் வீட்டுத் தரைக்கு அடியில். பழைய பல் போன திசையிலேயே புதுப்பல் நேராக வளருமாம். நம் ஊரிலும் கூரைமேல் எறிவோமே! எனக்கு ஜப்பான் வழக்கம்தான் அதிகம் பிடிக்கும். அதில் பிள்ளைகளே ஓடியாடி எறியலாம், ஸ்பெயினில் தூங்கிவிட வேண்டும்.