பாறைக் கரையா, மணல் கரையா?
கேமராவும் கையுமாக ஒரு நாள் முழுக்கக் கடலோரம் கழிக்க இடம் தேடுகிறீர்கள் என்றால் என் ஓட்டு பாறைக் கரைக்குத்தான். மணல் கரையும் அழகுதான், ஆனால் முன்புறத்தில் வைக்க எதுவும் கிடைக்காமல் பாதிப் படங்கள் வெறும் வானமும் தண்ணீருமாகவே போய்விடும். பாறையில் அந்தக் கவலை கிடையாது: பாசி, சின்னச் சின்னக் குட்டைகள், இடுக்கில் புகுந்து வழியும் அலை. முக்காலியில் கேமராவை நிறுத்தி ஷட்டரை அரை விநாடி, ஒரு விநாடி திறந்து வைத்தால் திரும்பி ஓடும் நுரை வெள்ளைக் கோடுகளாகப் பதியும், 20 விநாடி விட்டால் பனிமூட்டம் மாதிரி ஆகிவிடும் (பட்டப்பகலில், வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால் மாட்டும் என்.டி. ஃபில்டர் இல்லாமல் இதெல்லாம் நடக்காது).

சரி, மணலுக்கு என்ன பெருமை? கடல் வற்றியதும் ஈரம் காயாத மணல் கண்ணாடி போல வானத்தைக் காட்டும், அது பாறையில் கிடைக்காது. காற்று வரைந்த வரிகளும் உண்டு, சூரியன் தாழ்ந்திருக்கும்போது நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். ஆனால் நாலு பேர் நடந்துவிட்டால் போச்சு, அதனால் விடிவதற்கு முன்பே போய் நில்லுங்கள்.

அப்புறம், எங்கே போனாலும் ஓத அட்டவணையை, அதாவது கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் பட்டியலைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். பெரும்பாலான கரைகளில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே சுமார் 6 மணி நேரம், ஏறும் நேரமும் வற்றும் நேரமும் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். கணக்குத் தப்பினால் மணலில் பெரும்பாலும் கால் நனைவதோடு சரி. பாறையில் திரும்பும் வழியே மூழ்கிவிடலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் மணலுக்கே போங்கள்.