கைத்துணியா, பஃபிங் சக்கரமா?

டர்பனில் தைப்பூசம் நெருங்கினாலே வண்டியைப் பளபளக்க வைக்க நமக்குக் கை பரபரக்கும். லேசாக மங்கிய அலுமினியச் சக்கரத்துக்கு மெருகுப் பசையும் பருத்தித் துணியும் போதும். துணி கறுத்தால் அஞ்ச வேண்டாம், தேய்ந்து வரும் உலோகத் துகள்தான் அது. எனக்குக் கைவேலையே பிடிக்கும். மூலைமுடுக்குகளில் விரல்தான் நுழையும்.

அலுமினியப் படகு விஷயம் வேறு. கடல் உப்பு அரித்த நுண்குழிகளைத் துணியால் நீக்க முயன்றால் தோள்வலிதான் மிஞ்சும். 400, 800, 1500 எண் உப்புத்தாள்களால் தண்ணீர்விட்டு வரிசையாகத் தேய்த்த பிறகு, பஃபிங் சக்கரமே (மோட்டாரில் சுழலும் மெருகுத் துணிச் சக்கரம்) கண்ணாடிப் பளபளப்பைத் தரும். ஒரே இடத்தில் அழுத்தாதீர்கள், சூடேறிக் கறை விழும். எஃகுக்குப் பயன்படுத்திய பஃபிங் சக்கரம் கூடவே கூடாது.

அனோடைஸ் செய்த, அதாவது மின்வேதி முறையில் காப்புப் படலம் ஏற்றிய பாகங்களில் இரண்டும் வேண்டாம். அந்தப் படலமே தேய்ந்துபோகும்.