நாயோடு கடலோரக் காப்பகம்: நடைபாதையா, மணற்கரையா?

கடலோர இயற்கைக் காப்பகத்துக்கு நாயைக் கூட்டிப் போனால், என் ஓட்டு நடைபாதைக்குத்தான். நிழல் உண்டு, மோப்பம் பிடித்தே நாய் நிறைவாகக் களைத்துவிடும். உண்ணிதான் தொல்லை. திரும்பியதும் காதுமடல், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள்.

மணற்கரையில் ஓட்டமும் நீச்சலும் கிடைக்கும், சரி. ஆனால் நண்பகல் மணல் பாதத்தைச் சுட்டுவிடும்: உங்கள் புறங்கையை அதில் 7 நொடி வைக்க முடியாவிட்டால் நாயை இறக்காதீர்கள். கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். நல்ல தண்ணீர் எடுத்துப் போங்கள். அப்புறம், உப்புக்கொத்திப் பறவைகள் வெறும் மணலில்தான் முட்டையிடும். நாய் நெருங்கினால் தாய்ப்பறவை பறந்துவிடும், முட்டைகள் வெயிலில் கெட்டுப்போகும். பாவம், அந்தப் பருவத்தில் கரையை அவற்றுக்கே விட்டுவிடுவோம். மற்ற நாட்களில் காலையிலேயே, ஈரமணல் ஓரமாக, கயிற்றில் பிடித்தபடி நடக்கலாம்.