ஜாக்கெட் வேண்டாத வகுப்பறை: என்யுஎஸ் எஸ்டிஇ4 கட்டடம் பற்றி ஒரு ஏர்கான்காரனின் பார்வை

சிங்கப்பூரில் 19 வருடமாக ஏர்கான் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் மேலேதான் போகும். டக்ட் (காற்றைக் கொண்டுபோகும் பெரிய குழாய்) எப்படி ஓடுகிறது, காற்று எங்கே இறங்குகிறது, எங்கே தண்ணீர் சொட்டுகிறது என்று பார்த்தே பழகிவிட்டது. மகளுக்குக் கட்டடக்கலை படிக்க ஆசை. அவளோடு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் (என்யுஎஸ்) கென்ட் ரிட்ஜ் வளாகத்தைச் சுற்றிப் பார்த்த நாளில், வடிவமைப்பு, சுற்றுச்சூழல் பள்ளிக்காகக் கட்டிய எஸ்டிஇ4 கட்டடத்தில் அரை மணி நேரம் இருக்கலாம் என்று நினைத்துப் போனோம். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

2019 ஜனவரியில் திறந்த ஆறு மாடிக் கட்டடம் இது. ஒரு வருடத்துக்குத் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் கூரையிலேயே எடுத்துக்கொள்ளும்படி கட்டியிருக்கிறார்கள். கூரையில் 1,200-க்கும் மேற்பட்ட சூரியத் தகடுகள். சரி, தகடு வைப்பது இன்று பெரிய விஷயமில்லை, காசு இருந்தால் யாரும் வைக்கலாம். கீழே செலவைக் குறைத்த விதம்தான் பெரிய விஷயம்.

ஒரு வரைபட அறைக்குள் நின்றோம். மேலே பொய்க்கூரை இல்லை, குழாய்களும் டக்டும் வெளியே தெரிகின்றன. அவற்றுக்கு நடுவே பெரிய மின்விசிறிகள் நிதானமாகச் சுற்றுகின்றன. சிங்கப்பூரில் ஏர்கான் அறைக்குள் மின்விசிறியைப் பார்ப்பது அபூர்வம். கையை நீட்டிப் பார்த்தேன். காற்றில் சில்லென்ற கடி இல்லை. 27 டிகிரி அளவில் இருக்கும் என்று என் கைக்குப் பட்டது. ஆனால் வியர்க்கவில்லை. மேசையில் கிடந்த வரைபடத்தாளின் ஓரம் மட்டும் லேசாக எழுந்து எழுந்து படிந்தது. யாரோ அதன் மேல் ஸ்கேலை வைத்திருந்தார்கள். மகள் சொன்னாள், “அப்பா, இங்க ஜாக்கெட்டே எடுக்கத் தோணல.”

இதன் சூட்சுமம் எளிமையானது. வழக்கமான ஏர்கானில் அறையை 23 டிகிரிக்கு இழுத்துவிடுவோம். இந்த ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அதைப் பிழிந்து எடுக்கவே இயந்திரம் பெரும்பாடு படும். எஸ்டிஇ4-இல் வெளிக்காற்றைக் கொஞ்சமாகக் குளிர்வித்து, சற்றே கூடுதல் சூட்டோடும் ஈரத்தோடும் உள்ளே விடுகிறார்கள். மீதி வேலை மின்விசிறிக்கு. காற்று தோலில் பட்டால் உடம்பு தானே குளிரும். நம் பாட்டி வீட்டுத் திண்ணையில் பனை விசிறியோடு உட்கார்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பல இடங்களில் ஏர்கானே இல்லை. நீண்டு நிற்கும் கூரையும் நிழலும், திறந்த தாழ்வாரங்களில் ஓடும் காற்றும் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நான் வேலைக்குப் போகும் ஒரு அலுவலகக் கட்டடத்தில் பெண்கள் மேசைக்கடியில் கம்பளி வைத்திருப்பார்கள். குளிர் தாங்கவில்லை என்று புகார் வரும், டிகிரியை ஏற்றுவோம். மறுநாள் இன்னொருவர் புழுக்கம் என்பார், இறக்குவோம். வெளியே 32 டிகிரி வெயில், உள்ளே கம்பளி. இந்த வீண்செலவைப் பார்த்துப் பார்த்து மனசு கசந்தவன் நான். அதனால்தான் அந்த அறையில் நின்றபோது தொண்டை அடைத்தது.

பல்கலைக்கழகம் தன் சுற்றுச்சூழல் அக்கறையை எப்படிச் சொல்கிறது என்பதற்கு வருகிறேன். அவர்கள் சொல்வது “நெட் ஜீரோ எனர்ஜி”, அதாவது ஒரு வருடத்தில் செலவழிக்கும் மின்சாரமும் உண்டாக்கும் மின்சாரமும் சரிக்குச் சரி. இரவில் பொது மின்கம்பியிலிருந்து எடுப்பதும் பகலில் திருப்பிக் கொடுப்பதும் அந்தக் கணக்கில் அடக்கம். கான்கிரீட்டும் இரும்பும் செய்யும்போது வெளியான கரியமில வாயு இந்தச் சொல்லுக்குள் வராது. எதைச் சாதித்தோமோ அந்த அளவுக்குத்தான் சொல் இருக்கிறது. பசுமைக் கட்டடங்களுக்குச் சான்று தரும் ஐஎல்எஃப்ஐ (இன்டர்நேஷனல் லிவிங் ஃபியூச்சர் இன்ஸ்டிட்யூட்) அமைப்பின் ஜீரோ எனர்ஜி சான்றிதழும் இந்தக் கட்டடத்துக்குக் கிடைத்திருக்கிறது. வரைபடத்தையும் கணிப்பையும் காட்டி அதை வாங்க முடியாது. கட்டடம் 12 மாதம் ஓடி, மீட்டர் கணக்கு கையில் இருந்தால்தான் தருவார்கள். மீட்டர்தான் எனக்குச் சாட்சி.

அப்புறம் இன்னொன்று. பக்கத்திலிருந்த பழைய எஸ்டிஇ1, எஸ்டிஇ3 கட்டடங்களை இடித்துத் தள்ளாமல் அதே வழியில் மாற்றியமைத்திருக்கிறார்கள். புதுக் கட்டடம் ஒன்றைக் கட்டிப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்தாமல் பழையதையும் கையில் எடுத்தார்களே, அதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அக்கா மகன் படித்தான். ஐ.நா. 2015-இல் அறிவித்த 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளின் வண்ணக் கட்டங்களை அச்சடித்து, நுழைவாயிலில் 20 அடிக்கு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ஃபிளெக்ஸ் என்பது பிவிசி பிளாஸ்டிக். பின்பக்கம் மழைநீர்த் தொட்டியில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடிவிட்டார்கள் என்று அவன் சொன்னான். உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று மரம் நடுவது போன வருடம் நட்ட அதே குழியில். அந்தப் பிள்ளைகள் நாலு வருடம் அதைப் பார்த்துக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள். கோபமாக இருக்கிறது. மாசாமாசம் கரண்ட் பில்லையும் தண்ணீர் லாரிக் கணக்கையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். பத்து ரூபாய்கூட ஆகாது. அந்தத் தொகை குறைகிறதா ஏறுகிறதா என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

எஸ்டிஇ4 பார்க்கப் போகிறவர்களுக்கு: கென்ட் ரிட்ஜ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் வளாகப் பேருந்து இருக்கிறது. காலையில் போகாதீர்கள், மதியம் இரண்டு மணி வெயிலில் போங்கள். கீழே கொஞ்ச நேரம் நின்று வியர்த்துவிட்டு, லிஃப்டைத் தேடாமல் படியேறுங்கள். மேலே வந்து ஏதாவது ஒரு மின்விசிறிக்குக் கீழே ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள்.