விற்பதா, வைத்துக்கொள்வதா: நட்சத்திர மிட்ஃபீல்டரை வைத்து ஒரு சண்டை

கால்பந்தில் வீரர்களை வாங்கி விற்கும் காலமான ட்ரான்ஸ்ஃபர் விண்டோ ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு கிளப்பின் ரசிகர்கள் இந்தச் சண்டையில் சிக்குகிறார்கள். அணியின் மூளையாக இருக்கும் மிட்ஃபீல்டரை, அதாவது நடுகள ஆட்டக்காரரை, பெரிய கிளப் ஒன்று கேட்கிறது. தொகையோ வாயைப் பிளக்க வைக்கிறது. "இந்தக் காசில் மூன்று பேரை வாங்கலாம், கொடுத்துத் தொலையுங்கள்" என்கிறது ஒரு கட்சி. "கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதா?" என்கிறது எதிர்க்கட்சி. முதல் கட்சி கூட்டின்ஹோ பெயரை எடுக்கும். இரண்டாவது கட்சி சாபி அலோன்சோ என்று பதிலடி கொடுக்கும். வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் விற்ற கதைகள். ஒரே கிளப், ஒன்பது வருட இடைவெளி, நேர் எதிரான விளைவு. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

பிலிப்பே கூட்டின்ஹோவை 2013-ல் இன்டர் மிலானிடமிருந்து 85 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது லிவர்பூல். 2017 கோடையில் பார்சலோனா கேட்டபோது மறுத்தது. அவரே போகிறேன் என்று எழுதிக்கொடுத்தும் விடவில்லை. 2018 ஜனவரியில் விட்டது. போனஸ் எல்லாம் சேர்த்தால் 14.2 கோடி பவுண்டு வரை போகும் ஒப்பந்தம். இங்கே கவனிக்க வேண்டியது தேதிகளை. கூட்டின்ஹோ கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பே, டிசம்பர் கடைசியில், 7.5 கோடி பவுண்டுக்குத் தடுப்பாட்டக்காரர் வெர்ஜில் வான் டைக் வருவது உறுதியாகிவிட்டது. அந்த மே மாதம் கீவ் நகரில் நடந்த, ஐரோப்பாவின் தலையாய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி ஆட்டம் கோல்கீப்பர் செய்த தவறுகளால் கைநழுவ, ஜூலையில் புது கோல்கீப்பராக அலிசன் வந்தார். 2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் லீக் பட்டம். 2019 அரையிறுதியில் லிவர்பூல் 4-0 என்று பார்சலோனாவைப் புரட்டிப்போட்ட இரவில், தோற்ற பக்கம் ஆடிக்கொண்டிருந்தவர் கூட்டின்ஹோ.

இப்போது 2009. முந்தைய சீசனில் லிவர்பூல் 86 புள்ளிகளுடன் இரண்டாம் இடம். லீக்கில் மொத்தமே இரண்டு தோல்விதான். ஆகஸ்ட் மாதம் சாபி அலோன்சோவை ரியல் மாட்ரிட் சுமார் 3 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அவருக்குப் பதிலாக ரோமாவிலிருந்து வந்த ஆல்பர்டோ அக்விலானி கணுக்கால் காயத்தோடு வந்தார். லிவர்பூல் சட்டையில் அவர் முதன்முதலில் களமிறங்கியபோது அக்டோபரே முடியப்போகிறது. அந்த சீசன் ஏழாம் இடத்தில் முடிந்தது. அலோன்சோ போனது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், கிளப் நிர்வாகமே அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. ஆனாலும் பெரிய ஓட்டை அங்கேதான் விழுந்தது.

இரண்டையும் அருகருகே வைத்தால், விலையை விட முக்கியமான ஒரு வித்தியாசம் தெரிகிறது. கூட்டின்ஹோ போட்ட கோல்களைப் பங்கு பிரித்துக்கொள்ள முன்வரிசையில் சாலா, மானே, ஃபிர்மினோ ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். அலோன்சோ செய்த வேலையை, அதாவது தடுப்பாட்டக்காரர்களிடமிருந்து பந்தை வாங்கி ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் வேலையை, செய்ய அணியில் இன்னொருவர் இல்லை. ஆக "நட்சத்திர மிட்ஃபீல்டர்" என்று பொதுவாகச் சொல்வதிலேயே பாதி விவாதம் கெட்டுப்போகிறது. எந்த வகை மிட்ஃபீல்டர்?

முன்னால் ஆடுபவரா, பின்னால் ஆடுபவரா என்பதற்கு இன்னொரு சாட்சி க்ளோத் மெக்கலேலே. 2003-ல் ரியல் மாட்ரிட் அவரை செல்சிக்குக் கொடுத்தது. அதே கோடையில்தான் டேவிட் பெக்காம் வந்து இறங்கினார். கூட்டம் பெக்காமைப் பார்த்தது. மெக்கலேலே போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செல்சி 2005, 2006 இரண்டு வருடமும் லீக் பட்டம் வென்றது. மாட்ரிட் மறுபடி ஸ்பெயின் லீக்கை வெல்ல 2007 வரை காத்திருந்தது. பந்தைப் பறிக்கிற ஆள் போனால் நஷ்டம் உடனே தெரியாது, பத்து ஆட்டம் ஆன பிறகுதான் உறைக்கும்.

இதை வைத்துப் பின்னால் ஆடுபவரை விற்கவே கூடாது என்று நான் முடிவு கட்டினால், வெஸ்ட் ஹாம் ரசிகர் ஒருவர் டெக்லன் ரைஸைக் காட்டி என் வாயை அடைத்துவிடுவார். நியாயம்தான். 2023 ஜூனில் கேப்டனாக ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிவிட்டு, அடுத்த மாதமே 10 கோடி பவுண்டுக்கு ஆர்செனலுக்குப் போனார், அதற்கு மேல் 50 லட்சம் போனஸ். வந்த காசில் எட்சன் அல்வாரெஸ், வார்ட்-ப்ரௌஸ், குதுஸ் என்று ஆள் சேர்த்தார்கள். ரைஸ் இருந்த கடைசி சீசனில் லீக்கில் 14-வது இடம். அவர் இல்லாத அடுத்த சீசனில் 9-வது.

சரி, பணம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு வருவோம். எனக்கு இதுதான் தலையாய கேள்வி. விற்பனைக்கு ஆதரவான மிகச் சிறந்த வாதம் கூட்டின்ஹோ இல்லை, ஜினடின் ஜிடான். 2001-ல் அன்றைய உலக சாதனைத் தொகைக்கு அவரை மாட்ரிட்டுக்கு விற்றது யுவென்டஸ். அதே கோடையில் புஃபான், துராம், நெட்வெட் மூவரும் வந்தார்கள். கோல்கீப்பர், தடுப்பாட்டம், நடுகளம் என்று முதுகெலும்பையே மாற்றிக்கட்டினார்கள். 2002, 2003 இரண்டிலும் இத்தாலி லீக் பட்டம். 2003 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ஜிடான் ஆடிய மாட்ரிட்டையே வீட்டுக்கு அனுப்பினார்கள். நெட்வெட் கோல் போட்டார், ஃபிகோ அடித்த பெனால்டியை புஃபான் பிடித்தார். அந்த வருடம் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதும் நெட்வெட்டுக்குத்தான். மாட்ரிட்டும் ஏமாறவில்லை, 2002 இறுதி ஆட்டத்தில் ஜிடான் அடித்த அந்த வாலி கோல்தான் அவர்களுக்குக் கோப்பை தந்தது. விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து சிரித்த வியாபாரம், இந்த விளையாட்டில் அபூர்வம்.

இதற்கு நேர் எதிர், 2013-ல் டாட்டன்ஹாம். கேரத் பேல் மிட்ஃபீல்டர் இல்லை, விங்கர். ஆனாலும் இந்த விவாதத்தில் அவர் பெயர் வராமல் போகாது. உலக சாதனை விலை. அந்தக் கோடையில் மொத்தம் ஏழு பேரை வாங்கினார்கள்: பவுலின்ஹோ, சோல்டாடோ, லமேலா, எரிக்சன், கபூ, சடிலி, கிரிகெஷ். டிசம்பரில் சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 0-5 தோல்வி, மறுநாளே பயிற்சியாளர் வில்லாஸ்-போவாஸ் வேலை காலி. ஏழு பேரில் பெரிய வெற்றி என்று தயங்காமல் சொல்லக்கூடியவர் எரிக்சன் ஒருவர்தான். யுவென்டஸ் மூன்று ஓட்டைகளை அடைத்தது. டாட்டன்ஹாம் ஏழு பொட்டலம் வாங்கி வந்தது. "மூன்று பேரை வாங்கலாம்" என்று யாராவது சொன்னால், "எந்த மூன்று இடத்துக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

விற்காமல் வைத்துக்கொண்டால்? அதே டாட்டன்ஹாமிலேயே அதற்கும் கதை உண்டு. 2011-ல் லூக்கா மோட்ரிச்சை செல்சி விடாமல் துரத்தியது, அவரும் போக நினைத்தார், கிளப் தலைவர் டேனியல் லெவி அசையவில்லை. மோட்ரிச் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் ஆடினார், அணி நான்காம் இடம் பிடித்தது. வழக்கமாக அது சாம்பியன்ஸ் லீக் நுழைவுச் சீட்டு. ஆனால் ஆறாம் இடத்தில் முடித்த செல்சி அந்த வருடம் சாம்பியன்ஸ் லீக்கையே வென்றுவிட, விதிப்படி நான்காம் இடத்துக்கான வாய்ப்பு அவர்களுக்குப் போயிற்று! எந்த கிளப்புக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்களோ, அதே கிளப். அடுத்த கோடையில் மோட்ரிச் சுமார் 3 கோடி பவுண்டுக்கு மாட்ரிட் போய்விட்டார். லெவி செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நீண்ட ஒப்பந்தம் கையில் இருந்தது, நான்காம் இடம் கிடைத்தது, பணமும் வந்தது. அதிர்ஷ்டத்துக்கு யார் பொறுப்பு?

நீண்ட ஒப்பந்தம் என்றேன் அல்லவா, வைத்துக்கொள்ளச் சொல்லும் கட்சி மறக்கும் விஷயம் அதுதான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஒப்பந்தம் முடிந்த வீரர் அப்படியில்லை, விலை சுழியம். ஒப்பந்தம் முடிந்த வீரர் இலவசமாகப் போகலாம் என்று 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பாவில் இதுதான் நிலைமை. ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தத்தில் ஆறு மாதம் மீதி இருக்கும்போதே அவர் வேறு கிளப்பில் கையெழுத்துப் போடலாம். பால் போக்பாவை மான்செஸ்டர் யுனைடெட் 2012-ல் இப்படித்தான் இழந்தது, இளம் வீரருக்கான சொற்ப இழப்பீடு மட்டும் வந்தது. யுவென்டஸ் அவரை வைத்து நான்கு சீசனில் நான்கு லீக் பட்டம் வென்றுவிட்டு, 2016-ல் 8.9 கோடி பவுண்டுக்கு யுனைடெட்டுக்கே விற்றது. 2022-ல் அவர் மறுபடி ஒப்பந்தம் முடிந்து, மறுபடி யுவென்டஸுக்கே, மறுபடி இலவசமாகப் போனார்.

யுனைடெட்டுக்கு இதைத் தாங்கும் வசதி உண்டு. ஷால்க்கேவுக்கு இல்லை. மாட்டிப் 2016, கொலாசினாச் 2017, கொரெட்ஸ்கா 2018 என்று வரிசையாக ஒப்பந்தம் முடிந்து நல்ல ஆட்கள் வெறும் கையோடு விட்டுப் போனார்கள். கொரெட்ஸ்கா கடைசி சீசனில் ஆடி அணி ஜெர்மன் லீக்கில் இரண்டாம் இடம் வந்தது என்பது உண்மை. 2021-ல் அதே கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது என்பதும் உண்மை. கடன், கொரோனா என்று காரணங்கள் பல இருந்தாலும், விற்றிருந்தால் வந்திருக்கும் பணம் அங்கே இல்லாமல் போனது.

அதனால் என் கணக்கு இப்படிப் போகும். மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் இருந்தால் சண்டையே வேண்டாம், கிளப்தான் ராஜா. இரண்டு வருடம் இருந்தால் இந்தக் கோடையில் முடிவெடுத்தாக வேண்டும்: புது ஒப்பந்தம், இல்லையென்றால் விற்பனை. ஒரு வருடம்தான் இருக்கிறது என்றால் பேரம் பேசும் பலம் போய்விட்டது, கேட்கிற கிளப்புக்கும் அது தெரியும், அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். ரிலீஸ் க்ளாஸ், அதாவது இந்தத் தொகையைக் கொடுத்தால் வீரரை விட்டாக வேண்டும் என்ற ஷரத்து, இருந்தால் கதையே வேறு. 2022 கோடையில் போர்ச்சுகலின் பென்ஃபிகா ஏறத்தாழ ஒரு கோடி யூரோவும் போனஸும் கொடுத்து வாங்கிய என்ஸோ ஃபெர்னாண்டஸை, உலகக் கோப்பை முடிந்த கையோடு செல்சி கேட்டது. க்ளாஸ் தொகை 12 கோடி யூரோ, அதைக் கொண்டுவாருங்கள் என்று பென்ஃபிகா உட்கார்ந்துவிட்டது. ஜனவரி கடைசி நாளில் செல்சி 12.1 கோடி கொடுத்தது. அந்த சீசன் போர்ச்சுகல் லீக் பட்டத்தையும் பென்ஃபிகாவே வென்றது.

இரண்டு கட்சிக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். இப்போது பிடித்துவைத்து, பிறகு விற்பது. பிரைட்டன் இதில் கில்லாடி. 2023 ஜனவரியில் மொய்செஸ் கைசெடோவை ஆர்செனல் கேட்டது. அவர் வெளிப்படையாகவே தன்னை விடச்சொல்லிக் கடிதம் போட்டார். பிரைட்டன் மறுத்தது, மார்ச்சில் புது ஒப்பந்தமும் போட வைத்தது. அணி ஆறாம் இடம் பிடித்து, வரலாற்றிலேயே முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஆகஸ்டில் 10 கோடி பவுண்டுக்கு, போனஸோடு 11.5 கோடி வரை, செல்சிக்கு விற்றது. 2021-ல் வாங்கிய விலை சுமார் 40 லட்சம். அடுத்த சீசன் 11-வது இடத்துக்கு இறங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெக் அலிஸ்டரையும் அதே கோடையில் விற்றிருந்தார்கள்.

அயாக்ஸ் செய்தது இன்னும் சுத்தம். ஃப்ரெங்கி டி யாங்கை 7.5 கோடி யூரோவுக்கு பார்சலோனாவுக்குக் கொடுப்பதாக 2019 ஜனவரியிலேயே பேசி முடித்தது, ஆள் போனது சீசன் முடிந்து. விலை உறுதி, வீரருக்கு மன நிம்மதி, மாற்று ஆள் தேட ஆறு மாத அவகாசம். அந்த ஆறு மாதத்தில் மாட்ரிட்டை 4-1 என்று அவர்கள் மைதானத்திலேயே அடித்தார்கள், யுவென்டஸை டூரினில் வென்றார்கள், லீக்கும் உள்நாட்டுக் கோப்பையும் எடுத்தார்கள். இதில் ஒரே ஆபத்து, நடுவில் வீரர் காலை உடைத்துக்கொள்வது.

கால அவகாசம் இல்லாமல் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு 2011 ஆர்செனல் போதும். ஆகஸ்ட் நடுவில் ஃபாப்ரிகாஸ் போனார், பின்னாலேயே நஸ்ரியும் போனார், 28-ம் தேதி மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 தோல்வி. அதற்குப் பிறகு விண்டோ மூடும் கடைசி மணிநேரங்களில் ஆர்டெட்டா, மெர்டெசாக்கர் என்று அவசர அவசரமாக வாங்கினார்கள். கடைசியில் மூன்றாம் இடம் வந்தது, தப்பித்தார்கள். ஃபாப்ரிகாஸைத் திரும்ப வாங்கும் முன்னுரிமையும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. 2014-ல் அந்த வாய்ப்பு வந்தபோது வேண்டாம் என்றார்கள்; அவர் செல்சிக்குப் போய் அடுத்த வருடமே லீக் பட்டம் வென்றார். "திரும்ப வாங்கும் உரிமை இருக்கிறதே" என்று ஆறுதல் சொல்லும் நிர்வாகத்தை நான் இதனால்தான் அவ்வளவாக நம்புவதில்லை.

கணக்குப் புத்தகம் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து வருட ஒப்பந்தத்தில் 5 கோடிக்கு வாங்கிய வீரரின் மதிப்பு மூன்று வருடம் கழித்துப் புத்தகத்தில் 2 கோடிதான். 6 கோடிக்கு விற்றால் லாபம் 4 கோடி. கிளப்பின் சொந்த அகாடமியில் வளர்ந்த பையனுக்குப் புத்தக மதிப்பே கிடையாது, விற்ற தொகை முழுக்க லாபம். நிதி விதிகள் கழுத்தை நெரிக்கும்போது, ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்திருக்கும் உள்ளூர்ப் பையனை நிர்வாகம் ஏன் முதலில் சந்தைக்கு அனுப்புகிறது என்பதற்கு இதுதான் விளக்கம். கோபம் குறையாது, ஆனால் புரியும்.

இந்தக் கணக்கெல்லாம் ஒரு பெயரிடம் மட்டும் தோற்றுப்போகிறது. 2005 ஜூலையில், இஸ்தான்புல் நகரில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிச் சில வாரங்களே ஆகியிருந்தபோது, ஸ்டீவன் ஜெரார்ட் செல்சிக்குப் போகிறார் என்ற நிலை வந்தது. ரசிகர்கள் அவர் சட்டையை எரித்தார்கள். ஓர் இரவில் மனம் மாறி அவர் தங்கிவிட்டார். 2015 வரை ஆடியும் லீக் பட்டம் கிடைக்கவே இல்லை. விற்றிருந்தால் லிவர்பூல் அந்தப் பணத்தில் இரண்டு மூன்று நல்ல ஆட்களை வாங்கியிருக்கலாம். ஆனால் அடுத்த மே மாதமே, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், 90 நிமிடம் தாண்டிவிட்டது, வெஸ்ட் ஹாம் 3-2 என்று முன்னிலையில் இருக்கிறது. பந்து உருண்டு வெளியே வருகிறது, ஜெரார்ட் வெகு தொலைவிலிருந்து அடிக்கிறார், 3-3. அன்று மைதானத்தில் இருந்த லிவர்பூல் ரசிகரிடம் போய், அவருக்குப் பதிலாக எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.