ஓரம்தான் என் எதிரி: வீட்டில் செய்த ஸ்கிம்போர்டும் இரண்டு வருடமும்

"நீங்க செஞ்ச ஸ்கிம்போர்டு இன்னும் ஓடுதா? நானும் ஒண்ணு செய்யட்டுமா?" என்று நண்பர் ஒருவர் போன் செய்தார். ஸ்கிம்போர்டு என்றால் கடற்கரை ஓரத்து மெல்லிய நீர்ப்படலத்தில் வீசி, ஏறி நின்று சறுக்கும் பலகை. அந்த நேரம் பார்த்து அதே பலகையை மொட்டை மாடியில் கவிழ்த்துப் போட்டு, மூன்றாவது முறையாக உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பதிலில் காரம் இருந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 4 மி.மீ. மரைன் ப்ளை (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை) இரண்டை எபாக்சியால் (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பிசின், அதாவது ரெசின்) ஒட்டி, மூக்கு இரண்டு அங்குலம் தூக்கி நிற்கும்படி கிளாம்ப் போட்டேன். மேலும் கீழும் 6 அவுன்ஸ் ஃபைபர் துணி (கண்ணாடி இழையில் நெய்தது) ஒவ்வொரு அடுக்கு. அந்த வளைவு இன்றுவரை ஒரு நூல்கூட இறங்கவில்லை. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஓரம்தான் பிரச்சினை. கூரான விளிம்பில் ஃபைபர் துணி படியாது, தூக்கிக்கொண்டே நிற்கும். பொறுமையில்லாமல் துணியை விளிம்போடு நறுக்கிவிட்டு, மேலே ரெசினை மட்டும் பூசினேன். ப்ளையின் வெட்டுப்பக்கம் ரெசினைக் குடித்துத் தீர்த்துவிட்டு மறுபடி வறண்டு நின்றது. கோவளம் கரையில் கிளிஞ்சல் இரண்டு இடம் கீறியதும் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. முதலில் நாணய அளவில் ஒரு வெள்ளைத் திட்டு, ஒரு மாதத்தில் உள்ளங்கை அளவு. தட்டினால் 'டொப் டொப்', துணி மரத்தை விட்டுப் பிரிந்திருந்தது.

முதல் ரிப்பேர் மே மாத மதியத்தில். கலந்து வைத்த ரெசின் கோப்பையிலேயே புகைந்து கெட்டியானது. பூசிய கொஞ்சமும் குமிழி குமிழியாக எழும்பியது. வெயிலில் மரம் சூடாக ஆக அதற்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். சாயங்காலம், மரம் ஆறிவரும் நேரத்தில்தான் பூச வேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது.

இரண்டாவது முறை துணிக்குப் பதில் மேட் (நெய்யாமல், நறுக்கிய கண்ணாடி இழையைப் பசையால் ஒட்டிய விரிப்பு) வாங்கினேன். எபாக்சியில் அது இளகவே இல்லை, விறைத்துக்கொண்டு நின்றது. கரையில் ஃபைபர் படகு பழுது பார்க்கும் அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மேட்டு பாலியெஸ்டர் ரெசின்லதான் தம்பி இளகும். ஓரத்தை உருட்டிட்டு துணிய மடிச்சுப் போடு." இப்போது அதைத்தான் செய்கிறேன்: விளிம்பை உருட்டி, மரத்தூள் கலந்த எபாக்சியால் பட்டி பார்த்து, இரண்டு அங்குலம் மடித்து ஒட்டுகிறேன்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் பாவம். அலை பின்வாங்கும்போது மணலில் கண்ணாடி மாதிரி ஒரு படலம் நிற்குமே, அதில் பலகையை வீசி, நாலு எட்டு ஓடி ஏறினால் 'ஸ்ஸ்ஸ்' என்று போகும் பாருங்கள்! நண்பர் மகனின் ஃபோம் போர்டு பாதியில் நின்றுவிடும். கனமான என் மரப்பலகை அதைத் தாண்டிப் போகும். எதிரே வரும் அலையைப் பிடிக்கப் போனால் மட்டும் அது மூழ்கிக்கொள்ளும், ஃபோம் மிதக்கும்.

சரி, நண்பருக்குச் சொன்ன பதில்: செய்யாதீர்கள், காசு கொடுத்து வாங்கிவிடுங்கள். இரண்டு முறை குளித்தும் முழங்கையில் ஃபைபர் தூசி அரிக்கிறது. இதில் வேறென்ன சொல்ல? சாயங்காலம் கடைசிப் பூச்சு பாக்கி.