ஐந்து மாதக் குட்டிக்கு அடல்ட் உணவு: கடைக்காரர் சொன்னதை நம்பி நான் ஏமாந்தது

எங்கள் லாப்ரடார் குட்டி மணிக்கு 5 மாதம் நிறைந்திருந்தபோது, வழக்கமாகப் பப்பி ஃபுட் வாங்கும் கடையில் நான் ஏமாற்றப்பட்டேன். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் வலியை அனுபவித்தது வாயில்லாத ஒரு குட்டி என்பதாலும், அதே பேச்சை நம்பி இன்னொருவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பக் கூடாது என்பதாலும் இதை எழுதுகிறேன்.

அன்று மணியையும் உடன் அழைத்துச் சென்றிருந்தேன். கடைக்காரர் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பால்பல் விழுந்து கோரைப்பல்லே முளைத்துவிட்டது, இனி இது குட்டி இல்லை சார். இதற்கு மேலும் பப்பி ஃபுட் கொடுத்தால் எலும்பு வேகமாக வளர்ந்து கால் வளைந்துவிடும்" என்று அடித்துச் சொன்னார். கண்ணெதிரே பல்லைக் காட்டிச் சொன்னதால் நானும் மறுபேச்சுப் பேசவில்லை. அடல்ட் உணவு 20 கிலோ மூட்டை ஒன்றை எடுத்து வைத்தவர், அதில் சத்து சற்றுக் குறைவு என்று அவரே சொல்லி, அதை ஈடுகட்டக் கால்சியம் டானிக் இரண்டு புட்டிகளையும் சேர்த்து விற்றார். எப்படி மாற்றுவது என்று கேட்டதற்கு, இன்றிரவே மாற்றிவிடலாம் என்றார்.

மறுநாளே பேதி தொடங்கியது. தொலைபேசியில் கேட்டபோது, வயிறு தானாகப் பழகிவிடும் என்று சொல்லிவிட்டார். நான்கு நாள்களில் அது நின்றதால் அவர் சொன்னதே சரி என்று நினைத்துக்கொண்டேன். என் தவறு அங்கேதான் முற்றியது. அடுத்த சில வாரங்களில், தூங்கி எழும்போதெல்லாம் மணி முன்னங்காலை ஊன்றத் தயங்கியது. பிறகு நொண்டவே தொடங்கியது.

கால்நடை மருத்துவர் காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே என்ன உணவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். டானிக் என்றதும் அவர் முகம் மாறியது. எக்ஸ்ரேயில் தோள்மூட்டின் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல் இருப்பது தெரிந்தது. பரம்பரை, வேகமான எடை ஏற்றம் ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம் என்பதால் பழி முழுவதையும் உணவின் மேல் போட முடியாது என்று நேர்மையாகவே சொன்னார். ஆனால் பெரிய இனக் குட்டிக்கு இப்படிக் கூடுதல் கால்சியம் கொடுப்பது இந்தக் கோளாறுக்கான வாய்ப்பைக் கூட்டும், தாம் ஒருபோதும் அதைக் கொடுக்கச் சொல்லியிருக்க மாட்டோம் என்றார்.

அவர் விளக்கியதை இங்கே எழுதிவைப்பது என் கடமை. நாய்க்கு 42 நிலைப்பற்களும் ஏறக்குறைய 6, 7 மாதங்களுக்குள் முளைத்துவிடும். எலும்பின் முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகளோ பெரிய இனங்களில் ஒரு வயதை ஒட்டியோ அதற்குப் பின்னரோதான் முழுதும் மூடும். ஆகவே பல்லைப் பார்த்து உணவை மாற்றுவதில் பொருளே இல்லை. வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு ஏற்பக் கால்சியத்தை உறிஞ்சும்; சில மாதக் குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் சரிவர வந்திருக்காது என்பதால், மிகுதியாகக் கொடுத்தால் மிகுதியாகவே உடலில் சேரும்.

கடைக்காரரின் பேச்சில் ஒரு பாதி உண்மை இருந்ததுதான் என்னை விழ வைத்தது. அளவின்றி ஊட்டப்படும் பெரிய இனக் குட்டி வேகமாக வளர்ந்து மூட்டுக் கோளாறுகளுக்கு ஆளாவது உண்மை. ஆனால் அதற்குத் தீர்வு, பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்படும் உணவை அளந்து கொடுப்பதுதான். அடல்ட் உணவு அன்று. பல தயாரிப்பாளர்கள் பின்பற்றும் ஆஃப்கோ (அமெரிக்காவின் கால்நடைத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் சங்கம்) அளவுகளின்படி, ஈரம் நீக்கிய எடையில், வளரும் குட்டியின் உணவில் குறைந்தது 22.5 விழுக்காடு புரதமும் 1.2 விழுக்காடு கால்சியமும் இருக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு 18, 0.5 போதும். பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் 1.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நான் வாங்கிய மூட்டையின் பின்புறத்தில், வளர்ந்த நாய்களின் பராமரிப்புக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டே இருந்தது. அதைப் படிக்காதது என் குற்றம்.

காலாவதித் தேதியையும் அப்போதுதான் பார்த்தேன். வாங்கிய நாளிலிருந்து மூன்று வாரம்கூட இல்லை. நாளொன்றுக்கு 400 கிராம் உண்ணும் குட்டிக்கு 20 கிலோ என்பது 50 நாள் உணவு. தேதி முடியப்போகும் மூட்டையைத் தள்ளிவிடுவதற்காகவே மணியின் பல் காட்டப்பட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேட்கப் போனபோது, பிரித்த மூட்டையைத் திரும்பப் பெற முடியாது என்றார். டானிக்குக்குத் தாம் ரசீதே கொடுக்கவில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார்.

எப்போது மாற்றுவது என்பதை, குட்டி வளர்ந்தபின் எட்டக்கூடிய எடைதான் தீர்மானிக்கிறது. 10 கிலோவுக்குள் நிற்கும் சிறிய இனங்களுக்கு 9 முதல் 12 மாதம், நடுத்தர இனங்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு, 25 கிலோவைத் தாண்டும் இனங்களுக்கு 12 முதல் 18 மாதம், கிரேட் டேன் போன்ற பேரினங்களுக்கு 18 முதல் 24 மாதம் என்பது பொதுவான கணக்கு. கருத்தடை செய்த குட்டிக்கு ஆற்றல் தேவை குறையும் என்பதால் அளவைக் குறைக்க நேரலாம். அதற்காக வளர்ச்சி முடியும் முன்பே உணவை மாற்ற வேண்டியதில்லை.

டானிக்கை அன்றே நிறுத்தினோம்; குட்டிகளுக்கான உணவுக்கும் திரும்பினோம். ஓய்வு, வலி மருந்து, எடை கூடாமல் பார்த்துக்கொள்வது என்று பல வாரங்கள் காத்திருந்த பின் மணி மெல்லக் காலை ஊன்றத் தொடங்கியது. இப்போது அதற்கு 14 மாதம். கடந்த இரண்டு மாதங்களாக எடை ஒரே அளவில் நிற்கிறது. அடுத்த பரிசோதனையில் மருத்துவர் ஒப்புக்கொண்டால், முதல் மூன்று நாள் அடல்ட் உணவு கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, அதன் பின் முக்கால் என்று பத்து நாளில் மாற்றப் போகிறோம். அந்தக் கணக்கை உணவு டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.